மூடிய சோதனை (கைபேசிச் செயலி)

மூடிய சோதனை என்பது ஒரு கைபேசிச் செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதற்கு முன்னர், அதை ஆக்கியவர் தேர்ந்தெடுத்த சிலரிடம் மட்டும் கொடுத்து, அவர்கள் தத்தம் கைபேசிகளில் பயன்படுத்திப் பார்த்துக் குறைகளைத் தெரிவிக்கச் செய்யும் முறையாகும். அவ்வாறு பயன்படுத்திப் பார்ப்போர் சோதனையாளர் எனப்படுகின்றனர். ஆக்கியவரின் குழுவுக்குள்ளேயே நடைபெறும் உட்சோதனையிலிருந்தும், விரும்பும் எவரும் சேரக்கூடிய திறந்த சோதனையிலிருந்தும் இது வேறுபட்டது.

நெடுங்காலம் இது நிரலாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2023 ஆம் ஆண்டு நவம்பர் முதல், கூகுள் பிளே தளத்தில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோருக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் சோதனையாளரைத் திரட்டுவதும் நிரல் எழுதுவதைப் போலவே செயலி ஆக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஊழியர் பலரைக் கொண்ட நிறுவனங்களுக்கு இது ஒரு பொருட்டன்று. மதுரையை அடுத்த சமயநல்லூர் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு தனியே செயலி எழுதும் மாணவருக்கு, நிரலை விடவும் கடினமான பகுதி இதுவாக இருக்கக்கூடும்.

வரலாறு

மென்பொருளை வெளியாரிடம் கொடுத்துச் சோதிக்கும் வழக்கம் கைபேசிகளுக்கு மிகவும் முற்பட்டது. ஆக்கியவர்களே செய்யும் முதற்கட்டச் சோதனை ஆல்பா என்றும், பயனர்கள் செய்யும் அடுத்தகட்டச் சோதனை பீட்டா என்றும் அழைக்கப்படுகின்றன. இவை கிரேக்க நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகள்.

சோதனையாளரைத் திரட்டுவது பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஐக்கிய அமெரிக்க நிரலாளர் எரிக் ரேமண்ட் குறிப்பிடத்தக்கவர். ஃபெட்ச்மெயில் என்னும் மின்னஞ்சல் மென்பொருளை ஆக்கிய பட்டறிவை அவர் 1997 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அம்மென்பொருள் தொடர்பாகத் தமக்கு எழுதிய ஒவ்வொருவரையும் அவர் சோதனையாளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவர்களுக்கு நட்புடன் மடல் எழுதினார். ஒரு கட்டத்தில் பட்டியல் ஏறத்தாழ 300 பேரை எட்டியது. பின்னர் சிலர் தங்கள் பெயரை நீக்குமாறு கேட்டுக்கொண்டனர். மென்பொருள் குறையின்றி இயங்குவதால் இனிப் பட்டியலில் இருக்கத் தேவையில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். சோதனையாளர் விலகுவது வெற்றியின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சுவையான சான்று. கீழே விளக்கப்படும் கூகுள் விதிப்படி அவ்வாறு இடையில் விலகுவோர் நிரலாளருக்கு இடையூறாகவே அமைவர்!

கைபேசிகளைப் பொறுத்தவரை, செயலிக்கடைகள் வருவதற்கு முன்பே தமிழில் மென்பொருள் ஆக்கம் தொடங்கிவிட்டது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத உதவும் மென்பொருளாக 2005 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரும், பின்னாளில் கூகுள் பிளே எனப் பெயர் மாறிய ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் 2008 ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டன. ஐபோன் செயலிகளைச் சோதனையாளருக்கு எளிதில் அனுப்ப டெஸ்ட்பிளைட் என்னும் சேவை 2010 இல் தோன்றியது. அதை நடத்திய நிறுவனத்தை 2014 இல் ஆப்பிள் வாங்கியது. கூகுள் பிளேயில் ஆல்பா, பீட்டா சோதனை வசதிகள் 2013 ஆம் ஆண்டில் அறிமுகமாயின.

கூகுள் பிளேயின் விதி

2023 நவம்பர் 13 ஆம் நாளுக்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் நிரலாளர் கணக்குகளுக்கு இவ்விதி பொருந்தும். நிறுவனக் கணக்குகளுக்குப் பொருந்தாது. ஆனால் நிறுவனக் கணக்குத் தொடங்க டி-யு-என்-எஸ் எனப்படும் பன்னாட்டு நிறுவன அடையாள எண் தேவைப்படும். ஆகவே மாணவர்களும் தனியே பணியாற்றுவோரும் பெரும்பாலும் தனிநபர் கணக்கையே தொடங்குகின்றனர். இருவகைக் கணக்குகளுக்கும் ஒருமுறை செலுத்தும் பதிவுக் கட்டணம் 25 அமெரிக்க டாலர் ஆகும்.

விதி முதலில் அறிவிக்கப்பட்டபோது குறைந்தது 20 சோதனையாளர் 14 நாட்கள் இடைவிடாது மூடிய சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்றிருந்தது. தனி நிரலாளர்களிடமிருந்து பல முறையீடுகள் எழுந்தன. 2024 டிசம்பரில் இவ்வெண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. 14 நாட்கள் என்னும் காலவரை மாறவில்லை. இந்நிபந்தனை நிறைவேறிய பின்னரே செயலியைப் பொதுவில் வெளியிடும் உரிமைக்கு விண்ணப்பிக்க இயலும். திறந்த சோதனை நடத்துவதற்கும் அவ்வுரிமை தேவை. எனவே முன்பின் அறியாத பயனர்கள் தாமாகவே வந்து சேரும் வழி தொடக்கத்தில் அடைபட்டிருக்கிறது. நிரலாளர் தாமே ஆட்களைத் தேடிச் செல்ல வேண்டும். உட்சோதனைக்கு 100 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அவர்கள் இக்கணக்கில் சேர மாட்டார்கள்.

தமது சோதனைக் கருவிகளைப் பயன்படுத்திய நிரலாளர்களின் செயலிகள், பயன்படுத்தாதவர்களின் செயலிகளை விடச் சராசரியாக மும்மடங்கு நிறுவல்களையும் பயன்பாட்டையும் பெறுகின்றன என்று கூகுள் இவ்விதிக்குக் காரணம் கூறியது. இது முழுமையான காரணம் ஆகாது. அக்கறையுள்ள நிரலாளரே முன்பும் சோதனை நடத்தினர். அவர்களுடைய செயலி சிறப்பாக இருந்ததற்குச் சோதனை மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. ஆயினும் ஒரே நிரலைப் பெயர் மாற்றிப் பல கணக்குகளில் ஏற்றிவிடும் மோசடிக்காரருக்கு இவ்விதி ஒரு தடையாக அமைகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

சோதனையாளராகக் கணக்கிடப்பட ஒருவர் செய்ய வேண்டியவை எளியவை போலத் தோன்றும். அவருடைய கூகுள் மின்னஞ்சல் முகவரியை நிரலாளர் பட்டியலில் சேர்க்க வேண்டும், அல்லது அவர் ஒரு கூகுள் குழுவில் உறுப்பினராக வேண்டும். பின்னர் அவர் ஓர் அழைப்பு இணைப்பைத் திறந்து, சோதனையாளராக இசைவதாகத் தெரிவித்து, கூகுள் பிளே வழியே செயலியை நிறுவ வேண்டும். நடைமுறையில் இங்கேயே பலர் நழுவிவிடுகின்றனர். ஒரே கைபேசியில் இரண்டு கூகுள் கணக்குகள் இருந்து, ஒன்றில் இசைவு தெரிவித்துவிட்டு மற்றொன்றால் கடையைத் திறந்தால் செயலி கிடைக்கவில்லை என்றே காட்டும். செயலிக் கோப்பை வாட்ஸ்அப் வழியே பெற்று நிறுவியவர் எத்தனை நாள் பயன்படுத்தினாலும் கணக்கில் வரமாட்டார். ஐபோன் வைத்திருப்பவர் இணைப்பைத் திறந்து இசைவு தெரிவிக்க முடியுமாயினும் செயலியை நிறுவ முடியாது. கைபேசி விற்ற கடைக்காரரே மின்னஞ்சல் கணக்கையும் தொடங்கிக் கொடுத்திருந்தால், உரியவருக்குத் தம் முகவரியே தெரியாமல் இருப்பதும் உண்டு.

எண்ணிக்கையும் கண்டறிதலும்

12 பேர் போதுமா என்னும் கேள்விக்கு, எதைக் கண்டறிய விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே விடை கூற இயலும்.

பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான யாக்கோபு நீல்சன், தாமசு லாண்டவர் ஆகியோர் 1993 ஆம் ஆண்டில் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில் ஒரு தனிப் பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகளை எதிர்கொண்டார். அவ்விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் 5 பேர் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குறைகளைக் கண்டுவிடுவர். 12 பேரானால் அது 98 விழுக்காட்டைத் தாண்டும். பொத்தான் எங்கே உள்ளது என்று தெரியாமல் தவிப்பது, ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வது முதலிய, எல்லோருக்கும் பொதுவான இடர்ப்பாடுகளுக்கு இக்கணக்குப் பொருந்தும்.

குறிப்பிட்ட சில கைபேசிகளில் மட்டும் தோன்றும் வழுக்களுக்கு இது பொருந்தாது. 20 கைபேசிகளுள் ஒன்றில் மட்டும் செயலி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். எழுந்தமானமாகத் தேர்ந்த 12 பேருள் ஒருவரேனும் அதை எதிர்கொள்ளும் நிகழ்தகவு 46 விழுக்காடு. அதாவது, கண்டுபிடிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பே சற்று மிகுதி. பழைய விதியின்படி 20 பேர் இருந்திருந்தால் அது 64 விழுக்காடாக இருந்திருக்கும். அந்த 12 பேருள் பாதிப் பேர் செயலியை நிறுவிவிட்டு ஒருமுறை கூடத் திறக்கவில்லை என்றால், உண்மையில் சோதிப்போர் 6 பேரே. அப்போது நிகழ்தகவு 26 விழுக்காடாகச் சரிந்துவிடும். அந்த 6 பேரும் ஒரே விடுதியில் ஒரே வகைக் கைபேசியை வைத்திருப்பவர்கள் என்றால், கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ ஒருவருக்கே சமம். பட்டியலில் மட்டும் 12 பெயர்கள் நிறைந்திருக்கும்.

விலகுவோரையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் 14 நாட்களும் நீடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 15 பேரைத் திரட்டியவருக்கு இறுதியில் 12 பேரேனும் எஞ்சும் நிகழ்தகவு 65 விழுக்காடு மட்டுமே. 20 பேரைத் திரட்டினால் அது 99 விழுக்காடாகும். ஆகவே விதி 12 என்று கூறினாலும் 20 பேரைத் தேடுவதே அறிவுடைமை.

நம்பகமான சோதனையாளர்

நம்பகம் என்பது இங்கே நாணயத்தை மட்டும் குறிப்பதன்று. செயலி தீர்க்க முற்படும் தேவை உண்மையாகவே உள்ளவர், அதைத் தம் அன்றாடக் கைபேசியில் வைத்திருப்பவர், இடர் நேர்ந்தால் சொல்லக் கூச்சப்படாதவர் ஆகிய மூன்று இயல்புகளும் சேர்ந்தவரே நம்பகமான சோதனையாளர். மூன்றும் ஒருவரிடமே அமைவது அரிது. முதல் இயல்பு இருந்தால் மற்ற இரண்டையும் ஓரளவு வளர்த்துவிடலாம். முதலாவது இல்லாதவரிடம் மற்றவை இருந்தும் பெரும்பயன் இல்லை. உறவினரும் நண்பரும் முதல் வாரம் நிரலாளருக்காகச் செயலியைத் திறப்பர். இரண்டாம் வாரம் தங்களுக்கே தேவை இருந்தால்தான் திறப்பர்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சமயநல்லூர் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையிலும் தொடர்வண்டிப் பாதையிலும் அமைந்த ஊர். மதுரைக்கும் அதற்கும் இடையே பரவை உள்ளது. அங்கே பெரிய காய்கறிச் சந்தை நடைபெறுகிறது. மேற்கே வைகைக் கரையில் சோழவந்தான் பகுதியில் நெல்லும் வெற்றிலையும் விளைகின்றன. சோழவந்தான் வெற்றிலை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வட்டாரத்து மாணவர் ஒருவர், சந்தையில் அன்றன்று விற்ற காய்கறிகளின் எடையையும் விலையையும் வரவேண்டிய பாக்கியையும் குறித்துவைக்க ஒரு செயலி எழுதுவதாகக் கொள்வோம்.

மதுரையில், 1957 இல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியற் கல்லூரி உட்படப் பல பொறியியற் கல்லூரிகள் உள்ளன. எனவே வகுப்புத் தோழர் 12 பேரை ஒரே மாலையில் சேர்த்துவிடுவது எளிது. அவர்கள் அறையில் அமர்ந்து, நல்ல இணைய இணைப்பில், தக்காளி 10 கிலோ என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுச் சரியாக உள்ளது என்பர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் சந்தையில் விடியற்காலை இருட்டில், ஒரு கையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு, ஈர விரலால் எண்களைத் தட்டும் வணிகருக்கு நேரும் எந்த இடரும் அவர்களுக்கு நேராது. இணைப்பு அறுபட்ட நேரத்தில் எழுதிய கணக்கு அழிந்துபோனால், மாணவருக்கு அது ஒரு வழு. வணிகருக்கோ ஒரு நாளைய பாக்கி. அதனால் அவ்வணிகர் மூவர், காய்கறி கொண்டுவரும் உழவர் இருவர், சரக்கு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்று அறுவர் கிடைத்தாலே, தோழர் 20 பேரை விட அவர்களிடமிருந்து மிகுதியாக அறியலாம். எஞ்சிய எண்ணிக்கையைத் தோழர்களைக் கொண்டு நிரப்புவதில் தவறில்லை.

திரட்டும் முறை

இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை விட நேரில் செல்வதே சிறந்தது. நேரில் சென்றால் மின்னஞ்சல் முகவரியைக் கைபேசியின் அமைப்புகளில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எந்தக் கணக்கில் கடை திறந்திருக்கிறது என்று சரிபார்க்கலாம். செயலி நிறுவப்பட்டதையும் உறுதி செய்துகொள்ளலாம். கைபேசியின் வகை, ஆண்ட்ராய்டுப் பதிப்பு, எழுத்தின் அளவு, பயன்படுத்தும் விசைப்பலகை ஆகியவற்றையும் அப்போதே குறித்துக்கொண்டால், பின்னர் வழு தோன்றும்போது காரணத்தைத் தேட எளிதாகும். மூடிய சோதனையின் முதற் பதிப்பு கூகுளின் பரிசீலனையைக் கடந்த பின்னரே அழைப்பு இணைப்பு பயன்படும். அதற்கு முன்பே ஆட்களைக் கூட்டிவிட்டு, வேலை செய்யாத இணைப்பைக் காட்டினால் அவர்களுடைய ஆர்வம் அன்றே தணிந்துவிடும்.

14 நாட்கள் என்பது நினைவில் வைத்துக்கொள்ள நீண்ட காலம். செயலியை அழிக்க வேண்டாம், சோதனையிலிருந்து விலக வேண்டாம் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் கூறிவிட வேண்டும். நாள்தோறும் "திறந்து பாருங்கள்" என்று நச்சரிப்பதை விட, இரண்டு நாட்களுக்கு ஒரு சிறு வேலையைக் குறிப்பிட்டுச் சொல்வது பயன் தரும். இணைய இணைப்பை நிறுத்திவிட்டு ஒரு கணக்கு எழுதுவது, நேற்றைய பாக்கியைத் தேடுவது முதலியன அத்தகையவை. ஒருவர் சொன்ன குறை அடுத்த பதிப்பில் நீங்கிவிட்டது என்பதை அவரிடமே தெரிவிப்பதைப் போல ஊக்கம் தருவது வேறொன்றுமில்லை. ரேமண்டின் மடல்கள் செய்த வேலையும் இதுவே.

கருத்துக் கேட்பதில் ஒரு பண்பாட்டுச் சிக்கலும் உண்டு. நம் ஊர்ப் பெரியவரிடம் "செயலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது, தம்பி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். எழுதிய பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பது அவர் எண்ணம். சிலர், குறை செயலியில் இல்லை, தமக்குத்தான் தெரியவில்லை என்று கருதிப் பேசாதிருப்பர். ஆகவே கருத்தைக் கேட்பதை விட நிகழ்ந்ததைக் கேட்க வேண்டும். "நேற்று எத்தனை கணக்கு எழுதினீர்கள்? எந்த இடத்தில் நின்றது? பிறகு நோட்டிலா எழுதினீர்கள்?" என்னும் வினாக்களுக்கு மழுப்பலான விடை கூறுவது கடினம். அதைவிடச் சிறந்தது அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அவர் தவறான பொத்தானை அழுத்தும்போது கை தானாக நீளும். அதை அடக்கிக்கொள்வது நிரலாளருக்கு ஒரு பயிற்சி. படிவங்களை நிரப்பத் தயங்குவோரிடம் குரற்பதிவாகக் கேட்டு வாங்கலாம்.

கூகுள் பிளே வழியே சோதனையாளர் எழுதும் கருத்துகள் நிரலாளருக்கு மட்டுமே தெரியும். செயலியின் பொது மதிப்பீட்டைப் பாதிக்காது. இதை எடுத்துச் சொன்னால் சிலரது தயக்கம் நீங்கும்.

பரிமாற்றமும் கட்டணமும்

விதி வந்த பின்னர், "என் செயலியை நீங்கள் நிறுவுங்கள், உங்கள் செயலியை நான் நிறுவுகிறேன்" என்னும் பரிமாற்ற முறை நிரலாளரிடையே பரவியது. கட்டணம் பெற்றுக்கொண்டு 12 கணக்குகளைத் தருவோரும் தோன்றினர். தொழில்முறைச் சோதனை புதியதன்று. உலகெங்கிலும் உள்ள சோதனையாளரை நிறுவனங்களுடன் இணைக்கும் யூடெஸ்ட் 2007 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அத்தகைய சேவையில் பயிற்சி பெற்ற மனிதர் உழைப்புக்கு ஊதியம் பெறுகிறார். வெறும் கணக்குகளை விற்பதில் உழைப்பும் இல்லை, சோதனையும் இல்லை.

பரிமாற்றத்தை முற்றிலும் பழிப்பதும் முறையன்று. ஆளே அறியாத ஊரில் இருப்பவருக்கு அது ஒரு கைகொடுப்பு. சக நிரலாளர் நுட்பக் குறைகளை விரைவில் கண்டு துல்லியமாக எழுதுவர். ஆனால் பரவைச் சந்தையின் பாக்கிக் கணக்கைப் பற்றி, தமிழ் அறியாத வேற்றுநாட்டு நிரலாளர் சொல்லக்கூடியது என்ன? அவர் தம் 14 நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

தமிழ்ச் செயலிகளுக்கு உரிய குறைகள்

தமிழ் இடைமுகம் கொண்ட செயலிகளில், தமிழ் படிப்போரால் மட்டுமே காணக்கூடிய குறைகள் பல உள்ளன. இவற்றை எந்தத் தானியங்கிச் சோதனையும் எளிதில் காட்டுவதில்லை.

முதலாவது அகர வரிசை. ஒருங்குறியில் தமிழ் மெய்கள் நெடுங்கணக்கின் முறையில் அமையவில்லை. ன என்பது ந என்பதை அடுத்தும், ற என்பது ர என்பதை அடுத்தும், ள, ழ ஆகியவை வ என்பதற்கு முன்பும் வருகின்றன. ச, ஞ ஆகியவற்றுக்கு இடையே ஜ நுழைந்துள்ளது. குறியெண்களின்படியே பெயர்களை வரிசைப்படுத்தும் நிரல், வலையபட்டியைத் தேடுபவரை ழகரத்துக்குப் பின்னால் அலைய வைக்கும். நிரலாளர் கவனிக்காத இப்பிழையை ஒரு தமிழாசிரியர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது தேடல். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் "கொ" என்றே தெரியும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமாகவே கருதுகிறது. ஆனால் நிரலாளர் இயல்பாக்கம் செய்யாவிடில், ஒருவர் எழுதிய "கொத்தவரங்காய்" மற்றொருவர் தேடும்போது கிடைக்காது. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து எழுதிவிடுவதும் இத்தகையதே. தமிழ்99, அஞ்சல், ஒலிவழித் தட்டச்சு, குரல்வழி உள்ளீடு என வெவ்வேறு முறைகளில் எழுதுவோர் சோதனையாளருள் இருந்தால்தான் இவை வெளிப்படும்.

எழுத்துகளை எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. "தமிழ்" என்னும் சொல்லில் நாம் காணும் எழுத்துகள் 3. கணினி எண்ணும் குறிகள் 5. பெயர் 15 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்று வரையறுக்கும் நிரல், தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டி, புள்ளியில்லாத மெய்யையோ கொம்பில்லாத உயிர்மெய்யையோ காட்டும். ஆங்கிலத்தில் எட்டெழுத்தில் அடங்கும் பொத்தான், "அமைப்புகள்" என்று தமிழில் விரியும்போது விளிம்பைத் தாண்டிவிடும். பார்வை மங்கிய பெரியவர்கள் கைபேசியின் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பர். 20 வயதுத் தோழர் எவருடைய கைபேசியிலும் அந்த அமைப்பு இருக்காது. அதனாலேயே சோதனையாளர் பட்டியலில் 60 வயதைக் கடந்த ஒருவராவது இருப்பது நல்லது.

தனியுரிமை

சோதனையாளரின் மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் தனிநபர் தரவுகள் ஆகும். சோதனை முடிந்தபின் அவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் பிறருக்குத் தருவதும் நம்பிக்கைத் துரோகம். இந்திய நாடாளுமன்றம் 2023 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பெறுவதற்கு உரியவரின் இசைவை அடிப்படையாகக் கொள்கிறது. 18 வயது நிறையாதவரைச் சிறாராகக் கருதி, பெற்றோரின் இசைவைக் கோருகிறது. பள்ளி மாணவருக்கான செயலியைச் சோதிக்கப் பள்ளிக்கே செல்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். சந்தைக் கணக்குச் செயலி போன்றவற்றில் சோதனையாளர் எழுதுவது உண்மையான வரவுசெலவு. அது நிரலாளரின் கண்ணில் படுமா, கைபேசியிலேயே தங்குமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆப்பிள் தளத்தில்

ஆப்பிள் நிறுவனம் இத்தகைய குறைந்தபட்ச எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. டெஸ்ட்பிளைட் வழியே குழுவினர் 100 பேர் வரையும், வெளியார் 10,000 பேர் வரையும் சேர்க்கலாம். ஒரு சோதனைப் பதிப்பு 90 நாட்கள் இயங்கும். மாறாக, ஆண்டுதோறும் 99 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது.

வெளியீட்டு விண்ணப்பம்

14 நாட்கள் நிறைவுற்றவுடன் செயலி தானாக வெளியாவதில்லை. நிரலாளர் சில வினாக்களுக்கு விடையளித்து விண்ணப்பிக்க வேண்டும். சோதனையாளரைத் திரட்டுவது எளிதாக இருந்ததா, அவர்கள் செயலியின் எந்தெந்தப் பகுதிகளைப் பயன்படுத்தினர், என்ன கருத்துக் கூறினர், அக்கருத்து எவ்வாறு பெறப்பட்டது, அதன்படி என்ன மாற்றங்கள் செய்யப்பட்டன, செயலி யாருக்கானது என்பன அவற்றுள் சில. பரிசீலனை பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடிகிறது.

சோதனையாளர் செயலியில் போதிய அளவு ஈடுபடவில்லை என்று கூறி விண்ணப்பம் மறுக்கப்படுவதும் உண்டு. அப்போது சோதனையைத் தொடர்ந்து நடத்தி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்துக்குப் பெற்ற கணக்குகளை நம்பியவர் இங்கே தடுமாறுகிறார். எழுதுவதற்கு அவரிடம் கருத்து ஒன்றும் இல்லை. சந்தையில் வணிகரின் அருகில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதியவருக்கு விடைகள் அக்குறிப்பேட்டிலேயே இருக்கும். எந்த நாளில் யார் என்ன குறை சொன்னார், எந்தப் பதிப்பில் அது நீங்கியது என்பதை நாள்வாரியாகக் குறித்துவைத்திருப்பது விண்ணப்பத்துக்கு உதவும். நீக்க இயலாமல் விட்ட குறைகளையும் மறைக்காமல் அதில் எழுதலாம்.

வெளியீட்டு உரிமை கிடைத்த பிறகு மூடிய சோதனையைக் கலைத்துவிடத் தேவையில்லை. அதே பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய பதிப்பையும் முதலில் அவர்களுக்கு அனுப்பிச் சில நாட்கள் கழித்துப் பொதுவில் வெளியிடலாம். பொது வெளியீட்டிலும், புதிய பதிப்பைப் பயனருள் ஒரு சிறு விழுக்காட்டினருக்கு மட்டும் முதலில் அளித்து, இடர் இல்லையெனில் படிப்படியாக விரிவுபடுத்தும் வசதி கூகுள் பிளேயில் உள்ளது. 20 இல் ஒரு கைபேசியில் தோன்றும் வழு, 12 பேரிடம் தப்பிவிட்டாலும், இக்கட்டத்தில் எல்லாப் பயனரையும் சென்றடையும் முன் பிடிபட வாய்ப்புண்டு.